வீட்டுக்கடன் பாண்டிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணையைப் பிரிந்த பிறகு, இருவர் பெயரிலும் இருக்கிற வீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களைத் தேடிப் பிடித்துக் காசு பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 'ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்து வைத்திருப்பார்கள். வக்கீல் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், வக்கீல் இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். என்னிடம் 18,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு போனவரும் அந்த ரகம்தான்.

அரீனா பார்க்கில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கிய வீடு. சொத்துப் பத்திரமான டைட்டில் டீடில் ஆளுக்குப் பாதி. வீட்டுக்கடனை இங்கே எல்லாரும் பாண்ட் என்றுதான் சொல்வோம், அதிலும் இருவர் கையெழுத்து. பிரிவதென்று முடிவானபோது பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவர் வீட்டிலேயே இருப்பது, மீதி பாண்டை அவரே கட்டுவது, என் பாதிக்கு ஒரு தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது என்று பேசிக்கொண்டோம். நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, நம் ஆட்கள் பலருக்கும் இருக்கிற சிக்கல்தான். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. ஐயர், தாலி, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு, பதிவு மட்டும் இல்லை. திருமணப் பதிவு அதிகாரி முன்னால் பதியாத இந்துக் கல்யாணத்தை 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கல்யாணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் எங்களுக்கு விவாகரத்துத் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. வீட்டு விஷயத்தில் நாங்கள் சொத்தைச் சேர்ந்து வைத்திருக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான்.

கன்சல்டன்ட் கோயிலில் தெரிந்த ஒருவர் மூலமாக வந்தார். அம்மாவை "ஆன்ட்டி" என்றும் என்னைத் "தங்கச்சி" என்றும் கூப்பிட்டு, டீ குடித்து, சாவகாசமாகப் பேசினார். "வக்கீலிடம் போனால் மாசக்கணக்கில் இழுப்பான் தங்கச்சி. செக்‌ஷன் நாற்பத்தஞ்சில் டைட்டில் டீடிலேயே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் முடிந்தது. பாண்டிலிருந்தும் உன் பேர் போய்விடும்" என்றார். சட்டப்பிரிவு எண்ணைச் சொன்னதும் அம்மாவுக்கு ஆள்மேல் மரியாதை கூடிவிட்டது.

அந்தப் பிரிவு பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. சொத்துப் பதிவுக்கான 1937-ஆம் ஆண்டு டீட்ஸ் ரெஜிஸ்ட்ரீஸ் சட்டத்தில் 45பிஸ் என்று ஒரு பிரிவு உண்டு. கூட்டுச்சொத்து முறையில் சட்டப்படி கல்யாணமாகி, விவாகரத்தில் ஒருவர் பாதி இன்னொருவருக்குப் போகிறது என்றால், தனியாக டிரான்ஸ்ஃபர் செய்யாமல் டைட்டில் டீடிலேயே குறிப்பெழுதிக் கொடுக்க அது வழி செய்கிறது. விவாகரத்துத் தீர்ப்பே இல்லாத எங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வழி, பாதிப் பங்கை முறையாக டிரான்ஸ்ஃபர் செய்வது. அதை கன்வேயன்ஸர் என்று தகுதி பெற்ற வக்கீல்தான் செய்ய முடியும்.

அவர் எழுதிக் கொடுத்த பில்: டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்கிற சொத்து மாற்ற வரி 9,500, பாண்ட் ரிலீஸ் 6,000, சொத்தைப் பதியும் டீட்ஸ் ஆபீஸ் செலவு 3,000. முதல் வரியிலேயே புளுகு. 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10,000 ரேண்ட் வரை மதிப்புள்ள சொத்துக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டியே கிடையாது. எங்கள் வீடு முழுசாகவே அதற்குக் கீழேதான் வரும், இதில் கைமாறுவது பாதி. இல்லாத வரிக்கு 9,500 ரேண்ட்! வரித்துறையான சார்ஸின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது.

அப்புறம் ஒரு ஒப்பந்தம் தயாரித்தார். வீடு இனி என் வீட்டுக்காரருக்கு, பாண்ட் இனி அவர் பொறுப்பு, எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று மூன்று பக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். முத்திரை விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான். அந்த முத்திரைக்கு ஒரே ஒரு அர்த்தம்: இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார். உள்ளே எழுதியிருப்பது செல்லுமா என்று போலீஸ்காரர் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை.

சில மாதம் எல்லாம் அமைதி. பிறகு பாண்ட் தவணை பாக்கி என்று வங்கியிலிருந்து எனக்கு எஸ்எம்எஸ் வந்தது. வீட்டுக்காரருக்குத் துறைமுக வேலையில் ஓவர்டைம் நின்றுபோய், கட்ட முடியாமல் திணறியிருக்கிறார். வேண்டுமென்று செய்ததில்லை, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் கார் லோனுக்குப் போட்டிருந்த விண்ணப்பமும் அதே சமயம் திரும்பி வந்தது. யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிவு வைக்கும் கிரெடிட் பீரோவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அந்தப் பாக்கி என் பெயரிலும் ஏறியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அறிக்கையை இலவசமாக வாங்கலாம், வாங்கிப் பாருங்கள்.

வங்கியில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். பாண்டில் இரண்டு பேர் கையெழுத்து என்றால் பாதிப் பாதி கடன் என்று அர்த்தமில்லை. முழுக்கடனுக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. நாங்கள் இருவரும் எங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், வங்கி சேராத அந்தக் காகிதம் வங்கியைக் கட்டாது. என்னை விடுவிக்கச் சொல்லி எந்த விண்ணப்பமும் வரவே இல்லை என்றார். சொத்துப் பதிவுகளைத் தேடும் டீட்ஸ்வெப் இணையதளத்தில் சின்னக் கட்டணம் கட்டித் தேடிப் பார்த்தேன். டைட்டில் டீடில் இரண்டு பெயரும் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகுதான் உண்மையான கன்வேயன்ஸர் ஒருவரைப் பார்த்தோம். அந்தப் பெண் வக்கீல் சொன்னதை அப்படியே தருகிறேன், இதுதான் உங்களுக்கு வேண்டியது. முதல் படி வங்கி. வீட்டை வைத்துக்கொள்கிறவர் தன் ஒருவர் சம்பளத்தில் அந்தக் கடனைத் தாங்குவாரா என்று நேஷனல் கிரெடிட் சட்டப்படி வங்கி புதிதாகக் கணக்குப் பார்க்கும். தாங்குவார் என்றால் கடனாளியை மாற்ற எழுத்தில் சம்மதிக்கும், இல்லையென்றால் அவர் பெயரில் புது பாண்ட் போடும். பாதிப் பங்கின் டிரான்ஸ்ஃபரும் பாண்ட் மாற்றமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் ஒன்றாகத்தான் பதிவாகும். வங்கியின் சம்மதக் கடிதம் கையில் வரும்வரை நீங்கள் கடனிலிருந்து வெளியே வரவில்லை, யார் என்ன சொன்னாலும்.

வீட்டுக்காரர் சம்பளத்தைப் பார்த்து வங்கி முடியாது என்றுவிட்டது. விற்பது ஒன்றுதான் மிச்சம். அவருக்கு மனசில்லை. அவர் அப்பா, இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற நிறவெறிக் காலத்து குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளப்பட்டவர். சொந்த வீடு என்றால் அந்தக் குடும்பத்தில் லேசான விஷயமில்லை. ஆனால் சொத்தில் பங்குள்ள யாரையும் விருப்பமில்லாமல் பங்காளியாகவே இருக்கச் சொல்ல முடியாது, ஒருவர் மறுத்தால் மற்றவர் பிரித்துத் தரச் சொல்லி நீதிமன்றம் போகலாம், விற்றுப் பங்கிடச் சொல்லி உத்தரவு வரலாம் என்று கன்வேயன்ஸர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வழக்குச் செலவில் வீட்டில் பாதி போய்விடும் என்றதும் அவரும் சரி என்றார்.

விற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாண்டை முடிக்கப்போகிறோம் என்று வங்கிக்கு 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அபராத வட்டி விழும். ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்ட அன்றே நாங்கள் இருவரும் வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். மாநகராட்சி வரி, தண்ணீர் பாக்கி எல்லாம் தீர்த்து ரேட்ஸ் கிளியரன்ஸ் வாங்க வேண்டும், அது இல்லாமல் டீட்ஸ் ஆபீஸ் பதியாது. கரண்ட் சான்றிதழும் வேண்டும். நம் கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் மர வண்டுச் சான்றிதழும் கேட்பார்கள். சட்டத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. எங்கள் கூரை மரத்தில் வண்டு இருந்தது தனிக் கதை.

வக்கீல் ஆபீஸிலிருந்து வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் நம்பாதீர்கள். நடுவில் புகுந்து எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி இங்கே சாதாரணமாகிவிட்டது. உங்களுக்கு முன்பே தெரிந்த நம்பரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

என் 18,500-க்கு வருகிறேன். வக்கீல் திருடியிருந்தால், அந்த இழப்பை ஈடுகட்டும் லீகல் பிராக்டிஷனர்ஸ் ஃபிடெலிட்டி ஃபண்டில் கேட்கலாம், வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அந்த கன்சல்டன்ட் வக்கீலே இல்லை என்பதால் ஃபண்டில் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் சொல்கிறேன், பணம் கொடுக்கும் முன்னால் கவுன்சிலில் பெயரைக் கொடுத்து, இவர் வக்கீலா, கன்வேயன்ஸரா என்று கேளுங்கள். ஒரு ஃபோன் போதும்.

20,000 ரேண்ட் வரையுள்ள சின்ன வழக்குகளை எடுக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போட்டிருக்கிறேன். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நாமே பேச வேண்டும். முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பினேன். கார்டில் இருந்த விலாசத்தில் இப்போது முடிவெட்டும் கடை இருக்கிறது, கடிதம் திரும்பி வந்துவிட்டது. போலீஸிலும் மோசடிப் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்கியிருக்கிறேன். அவர் நம்பரை மாற்றிவிட்டு வேறு ஏரியாவில் இதே வேலையைச் செய்வதாகக் கேள்வி. வேறு யாராவது இப்படிக் கொடுத்து ஏமாந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கி ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். ஒரே ஆள்மேல் நாலைந்து கேஸ் விழுந்தால்தான் அங்கே ஃபைலைத் திறக்கிறார்கள்.