பின்னட்டைக் குறிப்பு எழுதித் தரும் சேவை எப்படி?

ஆய்வு நூல்களுக்குப் பின்னட்டைக் குறிப்பும் இணைய விற்பனைக்கான சுருக்கமும் எழுதித் தருகிறார்கள். பின்னட்டை அருமை. ‘இந்நூல் ஆராய்கிறது’ என்ற தேய்ந்த தொடக்கத்தை வெட்டிவிட்டு, ‘சோழர் காலத்து ஏரிகளை யார் பராமரித்தார்கள்?’ என்று நூல் எழுப்பும் கேள்வியையே முதல் வரியாக்கியிருக்கிறார்கள். அடுத்து வாதம், பிறகு சான்றுகள், யாருக்கான நூல் என்பது கடைசியில். ஆய்வேட்டு முன்னுரையை அப்படியே ஒட்டும் பதிப்பாளர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சறுக்கியது சுருக்கத்தில்தான். பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் நூல் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஓனிக்ஸ் (ONIX) தரவுமுறையில் அதற்கு வரம்பு 350 எழுத்துக்குறிகள். ‘கல்வெட்டு’ நம் கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளி, கொம்பு, உகரக்குறி எல்லாம் தனித்தனி என்பதால் கணினிக்கு 9. கண்ணால் எண்ணி எழுதியதில் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கிறது. ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்ற வெற்று வரியை எடுத்திருந்தாலே இடம் கிடைத்திருக்கும்.