இரணைமடுவில் காலை வெயிலுக்கு ஒரு தோணி

கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர், வலை வைக்காத நாட்களில், பறவைகளைப் படம் எடுக்க வருபவர்களைத் தன் தோணியில் ஏற்றிச் செல்கிறார். மார்கழியிலும் தையிலும் நான்கு காலைகளும் ஆவணியில் ஒரு மாலையும் அவருடன் போய்வந்தேன். கழுகு, பருந்து, விராலடிப்பான் (மீனைப் பிடித்துண்ணும் வேட்டைப் பறவை) ஆகியவற்றை இயற்கை ஒளியில், அவற்றின் போக்கிலேயே எடுக்க விரும்புவோருக்கு, வன்னியில் நான் அறிந்த அளவில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அவருக்குக் கமரா தெரியாது. வெயிலும் காற்றும் தெரியும். இப்பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புவதால், வெயில் நம் முதுகில் இருந்தாலும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வீசினால், வாலும் முதுகும்தான் படத்தில் கிடைக்கும். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்தும் காலை வெயில் கிழக்கிலிருந்தும் வருகின்றன. ஆகவே கழுகு இருக்கும் பட்ட மரத்துக்குக் கிழக்கே தோணியை நிறுத்தினால், எழும்பும் கழுகு முகத்திலும் கண்ணிலும் ஒளி விழ நம்மை நோக்கியே வருகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பொருத்தம் மாலைக்கு மாறிவிடும். இதை நான் கேட்காமலே, ஒவ்வொரு முறையும் அவர் சரியான பக்கத்தில் தோணியை விட்டார்.

தையில் ஒரு நாள் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தண்ணீருக்குள் நின்ற பட்ட மரத்தில் இருந்தது. கிட்டப் போகலாமா என்று கேட்டேன். அவர் துடுப்பைத் தூக்கி, தண்ணீர் சொட்டாமல் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, "பொறுங்கோ தம்பி, அது எங்களைத்தான் பார்க்குது, இன்னும் கிட்டப் போனால் எழும்பிடும்" என்றார். நெடுநேரம் அசையாமல் இருந்தோம். பிறகு அது இறகைக் கோதத் தொடங்கியது. கடைசியில் முன்னே சாய்ந்து எச்சமிட்டது. புறப்படப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால், அந்த எழும்பல் முழுவதும் கிடைத்தது.

மீனை எறிந்து பருந்தைக் கூப்பிடுவதை அவர் செய்வதில்லை. இதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். வேறோர் இடத்தில் நான் ஏறிய படகில் மீன்குடலை வீசினார்கள். செம்பருந்துகள் கூட்டமாக வந்தன, படங்களும் நிறைய விழுந்தன. ஆனால் அந்தப் படங்களில் வேட்டை இல்லை, இரைக்காகச் சுற்றும் பழக்கமே இருந்தது. கூட்டில் குஞ்சு இருக்கும் மரத்தின் பக்கமும் இவர் தோணியைத் திருப்ப மாட்டார், எவ்வளவு கேட்டாலும்.

500 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். பறக்கும் பறவைக்கு 1/2000 செக்கன் வேகம் வேண்டும்; காட்டின் இருண்ட பின்னணியில் கடற்கழுகின் வெள்ளை வயிறும் செம்பருந்தின் வெள்ளைத் தலையும் வெளுத்துப்போகாமலிருக்க, கமரா காட்டும் ஒளியளவைவிட முக்கால் படியாவது (ஸ்ரொப்) குறைத்து எடுப்பது நல்லது. எட்டரை மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேலே சூடு அலையத் தொடங்கிவிடும்; தூரத்துப் பறவை கூர்மையாக விழாது. அந்த நேரத்தில் அவரே கரைக்குத் திரும்பலாம் என்கிறார், அதுவும் சரியே.

குறைகளும் உண்டு. உயிர்காப்பு அங்கி ஒன்றுதான் இருக்கிறது. இருவர் போனால் மற்றவர் தன்னுடையதைக் கொண்டுபோக வேண்டும். முக்காலி வைக்க இடமில்லை. நான் உமி நிரப்பிய சிறு சாக்கைத் தோணி விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைத் தாங்கவைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு 5,000 ரூபா வாங்குகிறார். எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. ஆவணியில் தண்ணீர் வற்றிப் பட்ட மரங்கள் பல சேற்றில் நிற்பதால் தோணி எட்டாது. அந்த மாதத்தில் போவோர் மாலை நாலரைக்குப் பிறகு இறங்கி, சோளகம் தணியும் வரை கரையோரமாகவே இருப்பது நல்லது.