மழைக் கணக்கா, மண்வெட்டிக் கணக்கா?

ஒரு செடி எங்கே வளரும் என்று கணிக்க மழை, வெப்பம், மண்ணைப் பார்க்கலாம். நிலத்தை மனிதர் நடத்திய விதத்தையும் பார்க்கலாம். சிங்கப்பூரில் முதல் வழி சீக்கிரமே கைவிரித்துவிடுகிறது. மேற்கே துவாஸ் முதல் கிழக்கே சாங்கி வரை வெயிலிலும் மழையிலும் அப்படியென்ன பெரிய வித்தியாசம்? சுங்கை பூலோ போன்ற கடலோரச் சதுப்பு நிலங்களில் மட்டும் முதல் வழிக்கு மவுசு உண்டு: அலையாத்தி மரங்களுக்கு எல்லை போடுவது உப்பும் கடல் ஓதமும்தான்.

மற்ற இடங்களில் என் ஓட்டு இரண்டாவதற்கே. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் காம்பியர் செடியைப் பயிரிட்டுச் சத்தை உறிஞ்சிக் கைவிட்ட அமில மண்ணில் பின்னர் தியூப்-தியூப் (Adinandra dumosa) என்ற மரங்கள் எழுந்தன. புல்வெட்டும் இயந்திரம் அடிக்கடி வரும் திடலில் தொட்டாற்சிணுங்கி தரையோடு படர்ந்து தப்பிக்கிறது. இயந்திரம் வராத இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. என்ன, மழைத் தரவு கணினியில் கிடைத்துவிடும். தோட்ட எல்லைகளுக்குப் பழைய வரைபடங்களைப் புரட்ட வேண்டும்.