தா புரோம்: மூன்று நாள் சீட்டே எடுங்கள்

கம்போடியாவின் அங்கோர் கோயில் வளாகத்துக்கு ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. நான் மூன்று நாள் எடுத்தேன். இரண்டு காலைகள் அங்குள்ள தா புரோம் கோயிலிலேயே கழிந்தன.

கம்போடிய மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் எழுப்பிய கோயில். ராட்சத வேர்கள் கூரையைக் கவ்வி நிற்கின்றன. மரத்தை வெட்டினால் சுவர் சரியும், அப்படியே விட்டால் கல் பிளக்கும். இந்தியத் தொல்லியல் துறையும் கம்போடியர்களும் அந்த மரங்களைக் காத்துக்கொண்டே, விழுந்த கற்களை எடுத்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். நடன மண்டபத்தில் பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுக்கல் வெளிறித் தெரிகிறது. எனக்கு அந்த நேர்மை மிகவும் பிடித்தது.

எங்கள் வழிகாட்டிதான் ஏமாற்றம். படம் எடுக்கச் சொல்லிவிட்டு விரட்டினார். மறுநாள் தனியாகவே போனேன். காலை ஏழரைக்குத் திறந்ததும் போய்விடுங்கள். மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், வேர் மிதிபடும்.