காரண்ட் ரைஃபிளுக்கு ஒரு ரீலோடிங் செட்: கம்மவான்பேட்டைத் திண்ணையிலிருந்து பார்த்தது

வேலூர்ப் பக்கத்தில் எங்கள் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள் என்பதால், மூன்று முன்னாள் படைவீரர்கள் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து தோட்டாவைப் பற்றி வாதம் செய்வது இத்தெருவில் யாருக்கும் புதிதாகப் படாது. ஓஹையோவில் குடியுரிமை பெற்று வாழும் என் மகன் சென்ற ஆண்டு ஓர் எம்1 காரண்ட் வாங்கினான். அமெரிக்க ராணுவம் 1936இல் ஏற்றுக்கொண்டு, பின்னாளில் உபரியென்று ஒதுக்கிய 8 தோட்டா செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அது. சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடியும் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஏற்றுவதற்காக அவன் வாங்கிய செட்டைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அவன் சனிக்கிழமை காலை 9 மணிக்கு கராஜில் வேலையைத் தொடங்கினால் இங்கே மாலை 6.30 ஆகியிருக்கும், மூன்று மாதம், கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்த்தேன்.

நம் நாட்டில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும், இது முழுக்க அங்குள்ள சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்த எனக்கே இந்த வேலை புதிது. ரேஞ்சில் சுட்டு முடிந்ததும் கோக்காவை, அதாவது வெற்றுக் கூட்டை, பொறுக்கி, எண்ணி, கணக்கு முடித்துத் திருப்பிக் கொடுப்போமே தவிர, அதில் மறுபடி மருந்து போடுவதை நாங்கள் கண்டதில்லை.

கூட்டை அழுத்தும் கருவியான பிரெஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. கனமான வார்ப்பிரும்பு, கைப்பிடியை இறக்கும்போது ஆட்டமில்லை, மேசையில் போல்ட் போட்டு முறுக்கிய பிறகு அசையவே இல்லை. தராசும் புனலும் போதுமான தரம். குறை எல்லாம் பெட்டியில் இல்லாத பொருள்களிலும், கூடவே வந்த கையேட்டிலும்தான் இருக்கிறது. இதே குறை பல நிறுவனங்களின் செட்டுகளிலும் உண்டு என்று மகன் சொல்வதால் பெயரை எழுதவில்லை.

முதல் சனிக்கிழமையே ஒரு கூடு, அதை அளவுக்கு அழுத்தும் அச்சான டைக்குள் சிக்கிக்கொண்டது. கூட்டின் மேல் மசகு பூசச் சொல்லும் கையேடு எவ்வளவு பூச வேண்டும் என்று சொல்லாததால், அவன் விரல் நுனியில் தொட்டு லேசாகத் தடவியிருக்கிறான். கைப்பிடியை மேலே தூக்கியபோது விளிம்பு பிய்ந்து, கூடு உள்ளேயே நின்றுவிட்டது. துளை போட்டு, மரை வெட்டி, திருகு வைத்து இழுத்து எடுப்பதற்குள் எனக்கு இரவுச் சாப்பாடே ஆறிப்போனது.

கையேட்டின் பெரிய குற்றம் வேறு. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் பாகத்தை) இழுத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கியை மனதில் வைத்தே அது எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் பழுது பார்த்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளில், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் இருக்கும். காரண்டில் அது கிடையாது. போல்ட் வேகமாக முன்னே போய் மூடும்போது அந்த ஃபயரிங் பின் தன் வேகத்திலேயே பிரைமரை லேசாகத் தொட்டுவிடுகிறது. சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவை மகன் கேமராவுக்கு நேரே பிடித்தபோது, பிரைமரின் நடுவே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்து வீட்டு ஹவில்தார், "அண்ணே, இது விளையாட்டில்லை" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரைமர் மென்மையானதாக இருந்தாலோ, கூட்டின் அடியை விட்டு மேலே துருத்தி நின்றாலோ, ட்ரிகரைத் தொடாமலே தோட்டா வெடிக்கலாம். கூடு, குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரில் முழுவதும் இறங்காத நிலையில் அது நடந்தால் துப்பாக்கி உடைந்து ஆளுக்கும் அடிபடும்.

எனவே இந்த ரைஃபிளுக்குக் கெட்டியான உலோகம் கொண்ட ராணுவ வகைப் பிரைமர் வேண்டும், அது அடியிலிருந்து ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், கூட்டை முழு நீளத்துக்கும் டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு வந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கென்று கேஸ் கேஜ் என்ற சிறிய எஃகு உருளை இருக்கிறது: கூட்டை உள்ளே போட்டால் அதன் அடி, உருளையின் முனையில் வெட்டிய இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கையேட்டின்படி டையை வைத்து அழுத்திய முதல் பத்துக் கூட்டில் நான்கு, மேல்படியை மீறி நகத்தில் தட்டுப்பட்டன. டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கிய பிறகே அவை சரியாக உட்கார்ந்தன. இத்தனை முக்கியமான அந்த உருளை, பளபளப்பான கூடு துடைக்கும் தூரிகை மூன்று வைத்திருக்கும் இந்தப் பெட்டியில் இல்லை.

ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியைச் சுற்றி நெரித்து வைத்திருக்கும் விளிம்பை நீக்கும் கருவியும் இல்லை. கூடு 2.494 அங்குலத்துக்கு மேல் நீண்டுவிட்டால் வெட்டித் திருத்த வேண்டும். அந்த வெட்டுக் கருவி மட்டும் செட்டில் இருக்கிறது, நன்றாகவே வெட்டுகிறது.

மருந்து விஷயத்தில் என் மகன் நிதானமாக இருந்தான். மெதுவாக எரியும் மருந்து குழலின் முனையிலுள்ள வாயுத் துளையில் அழுத்தத்தைக் கூட்டி, போல்ட்டைப் பின்னே தள்ளும் நீண்ட தண்டை வளைத்துவிடும் என்பதால், நடுத்தர வேகத்தில் எரியும் ஐ.எம்.ஆர். 4895ஐயும் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டையும் எடுத்துக்கொண்டான். அளவை மருந்து தயாரிப்பாளரின் அட்டவணையில், காரண்டுக்கென்று தனியாகக் கொடுத்துள்ள பக்கத்திலிருந்து குறைந்தபட்சத்தில் தொடங்கினான். எவ்வளவு என்பதை நான் எழுத மாட்டேன். அதை அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

கையால் போல்ட் இழுக்கும் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்த செட் கொடுத்த காசுக்கு மோசமில்லை. காரண்ட் வைத்திருப்பவர் கேஜையும் குழி திருத்தும் கருவியையும் தனியே வாங்கும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியும். போன வாரம் மகன் அப்படிக் கழித்தவை ஒரு டப்பா நிறைய இருந்தன. "பித்தளை நல்ல விலை போகுமே, என்ன செய்வான்?" என்று ஹவில்தார் கேட்டார். யாரும் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று, பழைய உலோகக் கடையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் வாயையும் அவன் குறட்டால் நசுக்கிக்கொண்டிருந்தான்.