ஸ்டெஹீக்கனில் ஒரு ரொட்டிக்கடை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கிரெஸ்ட் நெடுநடைப்பாதையில் கனடா எல்லையை நோக்கிச் செல்வோருக்கு ஸ்டெஹீக்கன்தான் கடைசிப் பெரிய உணவு நிரப்பிடம். வெளியுலகுடன் சாலைத் தொடர்பே இல்லாத அந்தச் சிற்றூருக்குச் சிலான் ஏரியின் படகிலோ, நீர்விமானத்திலோ, நடந்தோதான் வர இயலும்.

ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள சூயாட்டில் கணவாயிலிருந்து விடியற்காலையில் இறங்கத் தொடங்கி, ஆக்னஸ் ஓடையை ஒட்டிய காட்டுவழியில் சுமார் 30 கிலோமீட்டர் நடந்து, பாதை ஸ்டெஹீக்கனின் உள்ளூர்ச் சாலையைச் சந்திக்கும் ஹை பிரிட்ஜ் என்னுமிடத்தை மாலையில் அடைந்தபோது என் பையில் எஞ்சியிருந்தது ஒரு கைப்பிடி ஓட்ஸ் மட்டுமே. அங்கிருந்து படகுத்துறைக்குச் செல்லும் பேருந்து, வழியில் ஸ்டெஹீக்கன் பேஸ்ட்ரி கம்பெனி என்ற ரொட்டிக்கடையின் வாசலில் நிற்கிறது. நடையர்களின் பசியை அறிந்த ஏற்பாடு அது.

இக்கடையின் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியைப் பற்றிப் பல நூறு கிலோமீட்டருக்கு முன்பே சக நடையர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அளவில் பெரிது, உள்ளே மென்மை, மேலே தாராளமான இனிப்புப் பூச்சு. இரண்டாவதை நான் பசிக்காகச் சாப்பிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். படகில் வரும் மாவையும் சர்க்கரையையும் நினைத்தால், விலையைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆயினும் எல்லைவரையிலான சுமார் 130 கிலோமீட்டருக்குரிய உணவை ரொட்டிக்கடையை நம்பித் திட்டமிடக் கூடாது. உலர் உணவுப் பெட்டியை ஊர் அஞ்சலகத்திற்கு முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை திறக்காது என்பதால் வந்துசேரும் நாளையும் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.