சேலத்து ஆய்வு மாணவர்களுக்கு ஸோட்டெரோ: தாராளமாக நம்பலாம், பெயர்களில் மட்டும் கவனம்

பெரியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவுடன் கணினியில் ஏற்ற வேண்டிய முதல் மென்பொருள் ஸோட்டெரோ: படித்த நூல், கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்து, ஆய்வேட்டில் மேற்கோளாகப் போட்டுத் தரும். காசு கிடையாது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் தலைப்பு, ஆண்டு, இதழ் எல்லாம் தானே நிரம்பும். பழைய எழுத்துருவில் உள்ள அல்லது ஸ்கேன் செய்த தமிழ்க் கட்டுரைகளுக்கு இது நடக்காது, கையால்தான் அடிக்க வேண்டும்.

பெரிய தொல்லை நம் பெயர்கள். 'முருகேசன் கந்தசாமி' என்றிருந்தால் கந்தசாமியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டுரை எழுதியவர் மகன், மேற்கோள் அப்பா பேரில்! பெயருக்கான இரண்டு கட்டங்களில், குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'முருகேசன்' என்றும் முதற்பெயர்க் கட்டத்தில் 'க.' என்றும் அடித்துவிடுங்கள். சேர்க்கும்போதே செய்ய வேண்டும். முந்நூறு பதிவு ஆனபின் திருத்துவது நரக வேதனை.

ஏற்காட்டுத் தாவரங்களை ஆய்பவர்கள் 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' போன்ற இனப்பெயர்களுக்குத் தலைப்புக் கட்டத்திலேயே சாய்வெழுத்துக் குறி (<i>...</i>) இட வேண்டும். சட்டத் துறைக்கு அரை மனதோடுதான் பரிந்துரைக்க முடியும்: வழக்குக்கும் சட்டத்துக்கும் தனி வகை உண்டு, ஆனால் நம் தீர்ப்புத் திரட்டுகளின் மேற்கோள் வரிசை பல நேரம் புரண்டு வரும். கல்வியியல், சமூகவியலுக்குக் குறையே இல்லை.

இலவச மேகச் சேமிப்பு 300 எம்பிதான். அதற்காக ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையைக் கூகுள் டிரைவுக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் சிதைந்துவிடும். அச்சுக்குக் கொடுக்கும்முன் ஆய்வேட்டை நகலெடுத்து, நகலில் மட்டும் மேற்கோள்களுக்கும் ஸோட்டெரோவுக்குமான இணைப்பைத் துண்டியுங்கள்.